விசுவுக்கு முதல் நாள், ஒரு மைல்

அம்மா வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அட்லாண்டா புறநகரில் எங்கள் தெருவில் அவளுக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் மூடிக் கிடக்கும் கராஜ் கதவுகளும், மாலையில் நாயைக் கூட்டிக்கொண்டு போகிற இரண்டு பேரும்தான். "ஏட்டி, இங்க ஆளுக எல்லாம் எங்கன இருக்காவ?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிடுவாள். ஏப்ரல் பிறந்ததும் இன்னொரு புலம்பலும் சேர்ந்துகொண்டது. சித்திரை விசுவுக்கு அவள் பாபநாசத்தில் இல்லாமல் போகிற முதல் வருஷம் இது. விக்கிரமசிங்கபுரத்துக்காரிக்கு அது சின்ன விஷயமா? அகத்தியருக்குச் சிவன் கல்யாணக் கோலம் காட்டிய நாள். தாமிரபரணியில் முங்கி எழுந்து பாபநாசநாதரைப் பார்த்தால்தான் அவளுக்கு வருஷம் பிறக்கும்.

"ஆறுதானே வேணும், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்கா. வடக்கே நாலு மணி நேரக் கார்ப் பயணம். டென்னசி, வட கரோலினா இரண்டு மாநிலங்களின் எல்லையில் படுத்துக் கிடக்கிற மலைத்தொடர். மரங்கள் வெளிவிடும் ஆவி காற்றில் கலந்து எந்நேரமும் ஒரு நீல மூட்டம் போர்த்தியிருக்கும். புகை மலை என்ற பெயர் அதனால் வந்தது. அமெரிக்காவிலேயே அதிகம் பேர் வருகிற தேசியப் பூங்கா இது, ஆனாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. மலையைக் கடக்கும் சாலையை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது, எந்நாளும் சுங்கம் வாங்கக் கூடாது என்று டென்னசி எழுதி வாங்கிக்கொண்டதாம். வண்டி நிறுத்தத்தான் 2023இலிருந்து ஒரு நாளைக்கு 5 டாலர்.

சனிக்கிழமை கிளம்பிக் கேட்லின்பர்க் ஊருக்கு வெளியே ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை நடை. திங்கட்கிழமை விசு, பள்ளிக்கு லீவு சொல்லியாயிற்று. வீட்டுக்காரர் அனுப்பிய படத்தில் நாலு அடுப்பு இருந்தது; போய்ப் பார்த்தால் இரண்டுதான் எரிந்தது. அதிலேயே அம்மா விடியற்காலை எழுந்து புளிச்சோறு கிளறி, தேங்காய்த் துவையல் அரைத்து, அலுமினியத் தாளில் ஆறு பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். நாங்கள் ஐந்து பேர். ஆறாவது எதற்கு என்று கேட்டதற்கு, "வழியில யாராச்சும் வந்தா?" என்றாள்.

கிரீன்பிரையர் என்ற பக்கத்தில் போர்ட்டர்ஸ் க்ரீக் பாதையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அம்மாவிடம் பெரிதாகப் பீற்றியிருந்தேன்: "முண்டந்துறை மாதிரிக் காடும்மா, மனுசன் கால் வைக்காத இடம்." போக இரண்டு மைல், வர இரண்டு மைல், கடைசியில் அறுபது அடி உயரத்தில் ஓர் அருவி. என் கணவர் போனில் வரைபடத்தை இறக்கிவைத்து, ஒன்றரை மணிக்கு அருவி, மூன்றரைக்குக் கார் என்று கணக்கும் போட்டுவிட்டார். அங்கே சிக்னல் கிடையாது. அவருடைய கணக்கு அதோடு போயிருந்தால் நன்றாயிருக்கும்.

அம்மா நூல் சேலை, அதன் மேல் என் பழைய குளிர்ச்சட்டை, காலில் கடையில் வாங்கிய புது ஷூ. சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். வாசலில் கரடி எச்சரிக்கைப் பலகை. இந்தப் பூங்காவில் 1,900 கருங்கரடி வரை இருக்கும் என்கிறார்கள். 50 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது, சாப்பாட்டுத் துணுக்கை விட்டுவிட்டு வரக் கூடாது. பெரியவன் இதையெல்லாம் படித்துக்காட்டியதும், "எங்க ஊருக் கரடி தெருவுக்கே வந்துட்டுப் போவும்" என்று அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அது உண்மைதான். முண்டந்துறை அடிவாரத்து ஊர்களில் கரடிக்கு யாரும் பலகை வைப்பதில்லை.

இந்த மலையின் வசந்தத்துக்கு அவசரம் அதிகம். மேலே மரங்கள் இன்னும் முழுதாகத் தளிர்க்கவில்லை, அதனால் ஏப்ரல் வெயில் நேரே தரையில் விழுகிறது. மரம் இலை விரித்து நிழல் போடுவதற்குள் கீழே இருக்கிற சின்னச் செடிகள் எல்லாம் முளைத்து, பூத்து, காய்த்து முடித்துவிட வேண்டும். ஜூனில் வந்தால் பல செடிகள் இருந்த தடம்கூடத் தெரியாது. சித்திரை வைகாசியை இளவேனில் என்று படித்தாலும், எங்கள் ஊரில் அது தார் உருகுகிற காலம்; வேப்பம்பூ உதிர்வதைப் பார்த்தால்தான் ஏதோ ஒரு பருவம் என்று நினைவு வரும். இங்கே காலையில் வாயில் புகை வரும் குளிரில் தரை முழுக்கப் பூ.

பாதையை விட்டு இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பனிதான் என்று நினைத்துச் சின்னவள் ஓடினாள். கிட்டே போய்க் குனிந்தால், ஓரம் கிழிந்தாற்போன்ற இதழ்களோடு நகக்கண் அளவு பூக்கள், ஆயிரக்கணக்கில். ஃபசீலியா. அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "யாரோ பொரியைக் கொட்டிட்டுப் போயிருக்கா." இந்தப் பூவுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் ட்ரில்லியம். மூன்று இலை, மூன்று இதழ், எல்லாமே மூன்று. மஞ்சள் நிறத்து வகை ஒன்று, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் எலுமிச்சை வாசம் அடித்தது. "ஆச்சி, இங்க வாங்க!" என்று சின்னவள் கூப்பிட்டாள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "மூணு இலை... வில்வம் மாதிரில்லா இருக்கு" என்றாள். உடனே கை நீண்டது. சிவனுக்குச் சாத்துகிற பழக்கம், கை தானாகப் போகிறது. "ஆச்சி, பறிக்கக் கூடாது!" என்று ஒரு கத்தல். பாதையில் போன வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னவள் வாசலில் நின்றிருந்த ரேஞ்சரிடம் கேட்டு வந்ததை அப்படியே ஆச்சிக்குப் பாடம் எடுத்தாள். இந்தப் பூவைப் பறித்தால் இலையும் சேர்ந்து வந்துவிடும். இலை போனால் அந்த வருஷத்துக்குக் கிழங்குக்குச் சாப்பாடு கிடையாது, செடி செத்தே போகலாம். விதையிலிருந்து முதல் பூ வர ஏழு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். விதையைப் பரப்புவது எறும்பு. விதையின் நுனியில் கொழுப்பாக ஒரு சதைத் துண்டு ஒட்டியிருக்கும், எறும்பு அதற்காகப் புற்றுக்குத் தூக்கிப் போய், தின்றுவிட்டு விதையைக் குப்பையில் எறியும். அங்கே முளைக்கும். "அப்ப இது எனக்கு அக்காவா?" என்று எட்டு வயதுக்காரி கேட்டாள். அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பாதை முடிகிற வரை வெளியே எடுக்கவில்லை.

அரை மைல் தாண்ட ஒரு மணி நேரம். கணவர் இரண்டு தடவை மணி பார்த்தார். "அத்தை, கொஞ்சம் வேகமா நடக்கலாமா?" "நீங்க போங்க மாப்பிள்ளை, நான் எங்க ஓடிரப் போறேன்."

அங்கேதான் அவள் நின்றுவிட்டாள். மூச்சு வாங்குகிறதோ என்று பயந்து ஓடினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பாதையோரத்தில் பாசி படர்ந்து நீளும் ஒரு கல் வரிசையை. நான் இதே பாதையில் மூன்று தடவை நடந்திருக்கிறேன். பாறை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"ஏட்டி, இது காடு இல்லட்டி. வயக்காடு."

"இல்லம்மா, இது..."

"கல்லு ஒரே அளவா இருக்கு பாத்தியா? உழுறதுக்கு முன்னாடி பொறுக்கி ஓரத்துல அடுக்குனது. தாத்தா மலையடிவாரத்துல எள்ளு போட்ட புஞ்சையில நானும் உங்க மாமாவும் பொறுக்குவோம். கூடை தூக்கித் தூக்கித் தலை வழுக்கையாப் போச்சு உங்க மாமாவுக்கு." மாமாவின் வழுக்கைக்குக் காரணம் அதுவல்ல. ஆனால் கல் விஷயத்தில் அவள் சொன்னது சரி.

பூங்கா அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1934இல். அதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வீடு, வயல், மாவரைக்கும் ஆலை, பள்ளிக்கூடம். இரண்டு மாநிலங்களும் நிலத்தை வாங்கின. ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 1,200க்கும் மேற்பட்ட நிலச் சொந்தக்காரர்கள் எழுந்து போக வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்னால் இந்த மலை செரோக்கி மக்களுடையது. அவர்களில் பெரும்பாலானோரை 1838இல் படை வைத்து மேற்கே விரட்டினார்கள், வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இந்தப் பூங்காவின் உச்சிச் சிகரம் ரொம்ப காலம் ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதியின் பெயரைச் சுமந்து நின்றது; 2024இல்தான் குவோஹி என்ற செரோக்கிப் பெயர் திரும்பக் கிடைத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துகொண்டேதான் மனுசன் கால் வைக்காத இடம் என்று பீற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடையின் தலைவி அம்மாதான். இது வீட்டு வாசல்படி என்றாள். ஏறிப் பார்த்தால் மூன்று கல் படிகள், அதற்கு மேல் வீடு இல்லை, ஒரு பெரிய மரம். இங்கே களம் இருந்திருக்கும், தண்ணி இந்தப் பக்கம் எடுத்திருப்பான் என்று காட்டிக்கொண்டே வந்தாள். பெரியவன் அதுவரை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனான். பாதையை விட்டுச் சற்று மேலே ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். நட்டு வைத்த கற்களில் சிலவற்றில் எழுத்தே இல்லை. அம்மா செருப்பைக் கழற்றுவது போல ஷூவைக் கழற்றப் போனாள், முடிச்சு அவிழவில்லை. அப்படியே வெளியில் நின்று கும்பிட்டாள்.

ஒரு மைல் முடிகிற இடத்தில் மரத்தாலான ஒரு பழைய தொழுவம் இருக்கிறது, 1875 வாக்கில் கட்டியது. கீழே அடிமரங்களை அடுக்கிய இரண்டு சின்ன அறைகள், மேலே பரண் மட்டும் நாலாபுறமும் வெளியே நீண்டு நிற்கும். அதன் நிழலில் மழை படாமல் மாடும் கலப்பையும் நிற்கலாம். "வைக்கோல் மேல, மாடு கீழ. புத்திசாலிதான்" என்று கட்டியவனுக்கு அம்மா சான்றிதழ் கொடுத்தாள். பக்கத்தில் 1930களில் ஒரு மலையேற்றச் சங்கம் கட்டிய மரவீடு. அதன் திண்ணையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். குளிரில் புளிச்சோற்றின் எண்ணெய் கொஞ்சம் உறைந்திருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாவது பொட்டலத்தைக் கணவரே சாப்பிட்டார்.

அப்புறம் அணி பிரிந்தது. அப்பாவும் மகனும் அருவிக்கு. அதற்கு ஒற்றை மரத்தைக் கிடத்தி ஒரு பக்கம் கைப்பிடி வைத்த பாலத்தைத் தாண்ட வேண்டும். அம்மாவின் முழங்காலை நம்பி அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் மெல்லத் திரும்பி நடந்து, ஓடை பாதைக்கு அருகே வருகிற இடத்தில் இறங்கினோம். ஆள் உயரப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. இந்த முறை ஷூ முடிச்சை நான் அவிழ்த்துவிட்டேன். அம்மா ஒரு காலை வைத்தாள். "அய்யோ சவமே!" என்று எடுத்தாள். மறுபடி வைத்தாள், எடுக்கவில்லை.

"ஆச்சி, விசு நாளைக்குத்தானே?" என்றாள் சின்னவள், கரையில் உட்கார்ந்து நோட்டில் எதையோ வரைந்துகொண்டே.

அம்மா என்னைப் பார்த்தாள். "மணி என்ன?"

மூன்று. மனதுக்குள் ஒன்பதரை மணி நேரம் கூட்டினேன். ஊரில் பன்னிரண்டரை.

"அங்க நடுச்சாமம் தாண்டியாச்சும்மா. தேதி மாறியாச்சு."

அவ்வளவுதான். இரண்டு கையிலும் அள்ளித் தலையில் தெளித்தாள், மூன்று தடவை. பேத்தியைக் கூப்பிட்டு அவள் உச்சியிலும் தெளித்தாள். அவள் வீல் என்று கத்தினது மேலே அருவிப் பாதையில் கேட்டிருக்கும். எனக்கும் தெளித்தாள். தண்ணீர் கழுத்து வழியே முதுகில் இறங்கியபோது நானும் கத்தினேன். எந்தச் சாமி பெயரைச் சொன்னாள் என்று ஓடைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

நாலே காலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரியவன் போனில் படம் காட்டினான். அம்மா பார்த்தாள். "குத்தாலம் மாதிரி நின்னு குளிக்கலாமா?"

"முடியாது ஆச்சி. பாறையெல்லாம் வழுக்கும்."

"பெறவு எதுக்கு அம்புட்டுத் தூரம் போனீய?"

மறுநாள் விடியற்காலை என்னைத் தொட்டு எழுப்பி, கண்ணை மூடச் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. சாப்பாட்டு மேசையில் கனி வைத்திருந்தாள்: குளியலறைச் சுவரிலிருந்து கழற்றிய கண்ணாடி, அட்லாண்டாவிலிருந்து கொண்டுவந்த இரண்டு மாம்பழம், வாழைப்பழம், ஆரஞ்சு, கிண்ணத்தில் அரிசி, அவளுடைய சங்கிலி, அதற்கடியில் டாலர் நோட்டுகள். பூ இருக்க வேண்டிய இடத்தில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். மூன்று இலை, மூன்று இதழ், பென்சிலில்.

அடுத்து வந்த சின்னவள் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஆச்சி, இதுக்கு இன்னும் கலரே அடிக்கலையே!" என்று மஞ்சள் கிரேயானைத் தேடி ஓடினாள்.