பம்பிங் 58 சதவீதம்

காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாள் விடியற்காலையில் நெஞ்சு வலித்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தணியும். மல்லாந்து படுத்தால் குத்தும். எனக்கு 31 வயது, சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. முதலில் போன மருத்துவமனையில் ஈசிஜியும் எக்கோவும் எடுத்தார்கள். "பம்பிங் 58 சதவீதம், நன்றாக இருக்கிறது" என்று வாயுவுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த 58-ஐ நம்பி இரண்டு நாள் வலியோடு கிடந்தேன். இன்று நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

மூன்றாம் நாள் அண்ணன் பிடிவாதமாக வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இதயத்தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருந்தது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லை. ரத்தக் குழாயில் கோளாறு இல்லையென்றால் தசையில் இருக்கலாம் என்று இதய மருத்துவர் ஸ்ட்ரெயின் எக்கோ எழுதினார்.

வெளிப்பார்வைக்கு அதுவும் சாதாரண எக்கோதான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். சில்லென்ற ஜெல்லைத் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை அழுத்தினார் எக்கோ எடுத்த அம்மா. "மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கள் தம்பி." கோணத்தை மாற்றி மாற்றி இதையே சொன்னார். படத்தில் இதயத்தசை பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிகிறது. அந்தப் புள்ளிகள் நகர்வதைக் கணினி பின்தொடர்ந்து, தசையின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்கிடுகிறது. பம்பிங் கணக்கோ இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதைத்தான் சொல்லும். ஓர் ஓரம் தளர்ந்தாலும் மற்ற பகுதிகள் ஈடுகட்டிவிட்டால் எண் இறங்காது. என் விஷயத்தில் நடந்தது அதுதான்.

திரையில் தசையின் பகுதிகளைக் காட்டும் 17 கட்டங்கள் கொண்ட வட்டம் வந்தது. நன்றாகச் சுருங்கும் பகுதி அடர்சிவப்பாகத் தெரியும். பெரும்பகுதி அடர்சிவப்பு; கீழ்ப்பக்கவாட்டுச் சுவர் மட்டும் வெளிறிக் கிடந்தது. மைனஸ் 20 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டிய மொத்தச் சுருக்க அளவு எனக்கு மைனஸ் 15. தசையின் நீளம் குறைவதைக் குறிப்பதால் மைனஸ். இத்தனை நாள் வலிக்கு ஒரு முகவரி கிடைத்தது போல் இருந்தது. பயத்தையும் மீறி அழுதுவிட்டேன்.

"இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது" என்று மருத்துவர் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார். அதே சுவரில் வீக்கம் தெரிந்தது. பாதிப்பைப் படத்தில் எடுத்துக்காட்டும் காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி எடுத்த படத்தில் தசையின் வெளி அடுக்கில் வெள்ளைக் கோடு. மாரடைப்பாக இருந்தால் தழும்பு உள் அடுக்கிலிருந்து தொடங்கும் என்று விளக்கினார். மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தசை அழற்சி.

ஆறு மாதம் ஓட்டம், வாலிபால் எதுவும் கூடாது என்றார்கள். மூன்றாம் மாத ஸ்ட்ரெயினில் மைனஸ் 18. அந்த ஓரக் கட்டங்கள் இன்னும் முழுச் சிவப்பாகவில்லை.