அணைத்தாலும் அணையாத விண்டோஸ்

எங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதனுடன் உபுண்டு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் நிறுவி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முன்பு வட்டில் இடம் ஒதுக்குவதற்கு ஒரு மாலைப்பொழுதும், அதன் பின்னர் முளைத்த ஒரு சிக்கலின் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு நாட்களும் பிடித்தன. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதைத் திரையே சொல்லிவிடுவதால், திரை சொல்லாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது 512 ஜிபி எஸ்எஸ்டி வட்டு. சி டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் அதிலிருந்து 40 ஜிபி அளவுக்குத்தான் பிரித்துத் தர முன்வந்தது. இடம் காலியாக இருந்தால் மட்டும் போதாது. பார்ட்டிஷன் எனப்படும் வட்டுப் பகுதியின் கடைசிப் பக்கத்தில் நகர்த்த முடியாத கோப்பு எதுவும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அப்போதுதான் விளங்கியது. நினைவகம் போதாதபோது உதவும் பேஜ் ஃபைல், கணினி உறங்கும்போது நினைவகத்தில் இருப்பதைச் சேமிக்கும் ஹைபர்னேஷன் கோப்பு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோருக்காகச் சேமிக்கப்படும் பிரதிகள் ஆகியவை அப்படிப்பட்டவை. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்திக் கணினியை மறுபடி தொடங்கியதும் கேட்ட 120 ஜிபியும் கிடைத்தது. பிறகு மூன்றையும் பழையபடி இயக்கிவிட்டேன். லினக்ஸை நிறுவும் நிரலே சி டிரைவைச் சுருக்கித் தரும் என்றாலும், விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸைக் கொண்டே சுருக்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வட்டில் கை வைக்கும் முன், வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி இயங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளர் கேட்காமலேயே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். கணினி தொடங்கும் விதத்தில் மாற்றம் தெரிந்தால், அதுவரை அமைதியாக இருந்த விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு நிற்கக்கூடும். அந்தக் குறியீட்டை அதே கணினிக்குள் ஒரு கோப்பில் சேமித்து வைப்பது வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வருவதற்குச் சமம் என்பதால், நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

விண்டோஸை முதலிலும் லினக்ஸை அடுத்தும் நிறுவ வேண்டும் என்ற அறிவுரை கணினியை முதலில் எழுப்பும் நிரலாகப் பழைய பயாஸ் இருந்த காலத்தில் பிறந்தது. அன்று வட்டின் முதல் 512 பைட்டுகளில் தொடக்க நிரலுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 446 பைட்டுகள் மட்டுமே; கடைசியாக வந்த இயங்குதளம் முந்தையதன் நிரலை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிக்கொள்ளும். பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்துவிட்ட இன்றைய கணினிகளில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சிறு பகுதிக்குள் ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஒரு கோப்புறை வைத்துக்கொள்வதால், ஒன்றை மற்றொன்று அழிக்க வேண்டிய தேவையில்லை. எது முதலில் வர வேண்டும் என்ற வரிசை மாறினாலும் யூஇஎஃப்ஐ அமைப்புகளில் திருத்திக்கொள்ளலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யும் கட்டத்தில் தவறிப்போய் டிக் அடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டு நாட்களின் கதைக்கு வருகிறேன். இரு இயங்குதளங்களுக்கும் பொதுவாக, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் வடிவில் டி டிரைவ் ஒன்றை வைத்திருந்தேன். ஒரு நாள் உபுண்டுவில் ஒரு கடிதத்தைத் திருத்தி டி டிரைவில் சேமிக்க முயன்றபோது, இந்த இடத்தில் படிக்க மட்டுமே முடியும் என்ற செய்தி வந்தது. முந்தைய நாள் அதே கோப்புறையில் தாராளமாக எழுத முடிந்தது. அனுமதிகளை மாற்றிப் பார்த்தேன், டிரைவைக் கழற்றி மாட்டுவதுபோல் அன்மவுண்ட் செய்து மீண்டும் மவுண்ட் செய்தேன், வட்டே பழுதாகிவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்கு வரும் நாட்களில் சிக்கல் இல்லை, ஷட் டவுன் கொடுத்துவிட்டுப் பிறகு வரும் நாட்களில்தான் சிக்கல் என்பதைக் கவனித்த பிறகே நூலின் முனை அகப்பட்டது.

2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், நாம் திறந்து வைத்த நிரல்கள் மூடப்படுகின்றனவே தவிர, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் தன் நினைவகத்தை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. மறுநாள் அதை எடுத்துப் படித்தே விரைவாக எழுந்திருக்கிறது. அதனுடைய கணக்கில் டி டிரைவ் இன்னும் திறந்தே இருக்கிறது. இடையில் லினக்ஸ் அதில் எதையாவது எழுதினால், விண்டோஸின் நினைவில் இருப்பதும் வட்டில் இருப்பதும் முரண்பட்டுக் கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே லினக்ஸ் எழுத மறுத்தது என் கோப்புகளைக் காப்பதற்காகத்தான். நான் திட்டித் தீர்த்தது அதைத்தான். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை முழுமையாக அணைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் இழப்பது சில நொடிகளே.

கடிகாரம் சிறிய விஷயம். தாய்ப்பலகையின் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்றும், லினக்ஸ் உலகப் பொது நேரம் என்றும் எடுத்துக்கொள்வதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது மணி தவறாகக் காட்டும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். அப்போது லினக்ஸ் காட்டும் எச்சரிக்கையை, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாடுகளில் வாழ்பவர்கள் பொருட்படுத்த வேண்டும்.

தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் தென்படவில்லை என்றால் அது அழிந்துவிட்டதாகப் பதற வேண்டாம். அந்தப் பட்டியலைக் காட்டும் கிரப் என்ற நிரலில், 2021இல் வந்த 2.06 பதிப்பு முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் நிரல் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும். அதே கோப்பில், கடைசியாகத் தேர்ந்தெடுத்ததே அடுத்த முறையும் திறக்கட்டும் என்று முதலில் அமைத்திருந்தேன். வீட்டில் மற்றவர்கள் கணினியைப் போட்டதும் உபுண்டு வந்து நிற்க, என்னை அழைப்பது வழக்கமாயிற்று. இப்போது பத்து நொடிகள் காத்திருந்துவிட்டு விண்டோஸ் தானாகத் திறக்கிறது. அந்தப் பத்து நொடிகளுக்குள் மேல் அம்புக்குறியை அழுத்த மறந்து, ரீஸ்டார்ட் கொடுத்து உட்கார்ந்திருப்பவன் இப்போது நான்தான்.