போடாமல் விட்ட சதுப்பு

"இதைப் போடாதீங்க சார். போட்டா நாளைக்கே ஆளுங்க தேடிக்கிட்டு வருவாங்க."

நீலகிரியில் குந்தா பக்கம் நீர்ப்பிடிப்பு வரைபடத்தைக் களத்தில் சரிபார்த்தபோது, கூட வந்த வாட்சர் அண்ணன் சொன்னது. அவர் காட்டியது சோலையை ஒட்டிய ஒரு சிறு சதுப்பு. சரிண்ணே என்றேன். அந்தச் 'சரி' இன்னும் உறுத்துகிறது.

எங்களிடம் இருந்தது 1:50,000 டோப்போஷீட், அதாவது மேடு பள்ளமும் ஓடையும் காட்டும் நில வரைபடம். அதில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடான காண்டூர் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயரம். அந்தச் சதுப்பெல்லாம் அதில் தானாகத் தெரியாது, நாம் குறித்தால்தான் உண்டு. அதற்குக் கீழே போகும் ஓடை கறுப்புக் கோடாக இருந்தது, அதாவது மழை பெய்தால் மட்டும் ஓடுவது. நாங்கள் நின்றதோ ஏப்ரலில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. புல்வெளிச் சரிவு குடித்த மழையைச் சதுப்பு தேக்கிவைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. குந்தா ஆறு பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில். கீழே எத்தனை ஊர் குடிக்கிற தண்ணீர்!

ஓடையை, ஆண்டு முழுவதும் ஓடுவதைக் காட்டும் நீலமாக மாற்றினேன். சதுப்பைப் போடவில்லை.

அண்ணன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. போனில் இடம் பார்த்துக் காட்டுக்குள் வண்டியோடு வருகிறவர்களை அவர்தான் திருப்பி அனுப்புகிறார். யானை வரும் வழியில் நடப்பவரும் அவர்தான். அவர் பேச்சைத் தாண்டி நான் என்ன பெரிய நிபுணன்?

ஆனால் தேடி வருகிறவனுக்கு அந்த நீலக் கோடே போதுமே. காண்டூர் மேல்நோக்கி வளைகிற பக்கமாக ஓடையைப் பிடித்து ஏறினால் சதுப்பில்தான் போய் நிற்பான். அப்படியானால் நான் யாரிடமிருந்து மறைத்தேன்? மேசையில் உட்கார்ந்து முகட்டிலிருந்து கீழ்நோக்கித் தடுப்பணையும் அகழியும் திட்டமிடுகிறவர்களிடமிருந்துதான். மேலே ஓர் அகழி தப்பாக விழுந்தால் சதுப்பு வடிந்துவிடும். வரைபடத்தில் இருந்திருந்தால் ஒதுங்கி வெட்டியிருப்பார்கள். ஒதுங்கியிருப்பார்களா? அதுவும் நிச்சயமில்லை. குறிக்கப்பட்ட சதுப்புகளே பல இடங்களில் காய்கறித் தோட்டமாகிவிட்டன.

இப்போது திருத்தத்துக்காக அதே வரைபடம் மறுபடி என்னிடம் வந்திருக்கிறது. அண்ணனைக் கேட்காமல் சதுப்பைச் சேர்க்க மனம் வரவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். இந்த முறை என் கவலையையும் சேர்த்துச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.