எம்.எஸ். ஆர்த்தோ வைவாவில் முதுகெலும்புக் காயம் வந்தால்

எலும்பு மருத்துவ மேற்படிப்பின் வாய்மொழித் தேர்வில் முதுகெலும்பு என்றதும் நாம் எல்லோரும் வகைப்பாட்டைத்தான் உருப்போடுகிறோம். டிஎல்ஐசிஎஸ் (மார்பு, கீழ்முதுகுப் பகுதி முதுகெலும்புக் காயத்தை எடைபோடும் அளவுகோல்) மதிப்பெண் 3 வரை அறுவை வேண்டாம், 5-லிருந்து வேண்டும், 4 என்றால் நம் முடிவு, இதெல்லாம் சரி. எங்கள் வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) அந்தப் பக்கமே போகவில்லை. பனையிலிருந்து விழுந்தவர், எல்1 (கீழ்முதுகின் முதல் முள்ளெலும்பு) முறிவு, இரண்டு காலும் அசையவில்லை, பிபி 80/50, என்ன செய்வீர்கள்? அவ்வளவுதான் கேள்வி.

எம்ஆர்ஐ என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. கழுத்தை அசைக்காமல் மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், அப்புறம்தான் முதுகு. உடனே நாடித்துடிப்பு எவ்வளவு என்று நீங்களே திருப்பிக் கேளுங்கள். 120, கை கால் சில்லென்று இருக்கிறது என்றால் மார்பிலோ வயிற்றிலோ இடுப்பெலும்பிலோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. 50, தோல் வெதுவெதுப்பு என்றால் நியூரோஜெனிக் ஷாக்கை (தண்டுவடக் காயத்தால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிபி இறங்குவது) நினைக்கலாம், ஆனால் அது பொதுவாக டி6-க்கு (மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு) மேலே அடிபட்டால் வருவது. எல்1 முறிவை வைத்துக்கொண்டு பிபி இறங்கியதற்கு முதுகின்மேல் பழி போட முடியாது. மேல்மட்டக் காயத்திலும் வயிற்றை அமுக்கிப் பார்த்து நம்பாதீர்கள், உணர்வு போனவருக்கு வலி தெரியாது. ஃபாஸ்ட் ஸ்கேன் (உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்கும் அவசர அல்ட்ராசவுண்ட்) கட்டாயம் என்று சொல்லிவிடுங்கள்.

நரம்புப் பரிசோதனையில் பலர் கால் விரலோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆசனவாயைச் சுற்றி ஊசியால் தொட்டுப் பார்த்து, விரல் வைத்து, இறுக்கச் சொல்லிப் பார்க்காமல் ஏஎஸ்ஐஏ ஏ (முழுமையான தண்டுவடக் காயம்) என்று வாயைத் திறக்கவே கூடாது. சிறுநீர்க் காதீட்டரை லேசாக இழுத்தால் ஆசனவாய் உங்கள் விரலைக் கவ்வுகிறதா? கவ்வவில்லை என்றால் இன்னும் ஸ்பைனல் ஷாக்கிலேயே (அடிபட்டதும் தண்டுவடம் தற்காலிகமாக ரிஃப்ளெக்ஸ் இழந்திருக்கும் நிலை) இருக்கலாம். எல்1 மட்டத்தில் கோனஸே (தண்டுவடத்தின் கீழ்முனை) நசுங்கியிருந்தால் இந்த ரிஃப்ளெக்ஸ் திரும்பாமலே போகலாம் என்று சேர்த்துச் சொன்னபோதுதான் எக்ஸ்டர்னல் பேனாவை எடுத்தார்.

உயரத்திலிருந்து விழுந்தவர் என்றால் குதிகாலைப் பாருங்கள். சீட் பெல்ட் தடத்தோடு சான்ஸ் முறிவு (உடல் முன்பக்கம் மடங்கி முள்ளெலும்பு குறுக்காகப் பிளப்பது) என்றால் குடலை மறக்காதீர்கள். ஓரிடத்தில் முறிவு தெரிந்தால் முழு முதுகையும் சிடி எடுக்கச் சொல்லுங்கள்.

மெத்தில்பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மருந்து) கேட்பார்கள். அதைச் சோதித்த நாசிஸ் ஆய்வின் டோஸ் (கிலோவுக்கு 30 மி.கி., பிறகு 23 மணி நேரத்துக்கு மணிக்கு, கிலோவுக்கு 5.4 மி.கி.) தெரிந்திருக்கட்டும், கூடவே இப்போது வழக்கமாகக் கொடுப்பதில்லை என்றும் சொல்லுங்கள். நரம்பின் மேல் அழுத்தம் இருந்தால், ஆள் தாங்குவார் என்றானதும், முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் அறுவை.

லாக் ரோல் (முதுகு வளையாமல் உடலை மரக்கட்டைபோல் ஒன்றாகப் புரட்டுவது) செய்து காட்டச் சொன்னால் தலையைப் பிடிப்பவர்தான் கட்டளை கொடுக்க வேண்டும். முதுகைப் பார்க்க நிற்பவர் கொடுத்தால் அங்கேயே மதிப்பெண் போகும்.