ஆலதியோட மல்லுக்கட்டு

பிப்ரவரி 4
அஹ்ஹ-தா-தா ஆலதி அவியெந்த விலுசதி. இந்த ஒரு வரிதான் இன்னிக்கு ராத்திரி முழுக்க. இன்னிக்கு துருக்கில இருக்கற, ஹிட்டைட் அரசோட தலைநகர் ஹட்டுசாவுல கிடைச்ச களிமண் பலகை, இஸ்தனுவான்னு ஒரு ஊரோட சடங்கு. யாரு எப்ப என்ன செய்யணும்ங்கிறது ஹிட்டைட் மொழில, பாடுற பாட்டு மட்டும் அதோட உறவு மொழியான லூவியன்ல. பாட்டுல இந்த ஒரு வரியை குடுத்துட்டு மேல போயிடுறாங்க, பாடுறவங்களுக்கு மீதி தெரியும்ல. (நம்ம அலாதி மாதிரியே காதுல விழுது, சம்பந்தம் கிடையாது, யாரும் கிளம்பிடாதீங்க.)

பிப்ரவரி 6
இலக்கணம் தெளிவாதான் இருக்கு. அஹ்ஹன்னா நம்ம "வந்தப்போ"ல வர்ற "அப்போ" மாதிரி, அவியெந்தன்னா வந்தாங்க, விலுசதின்னா விலுசாங்கிற இடத்துல இருந்து. ஆலதிலயும் அதே "இருந்து" உருபு இருக்கறதால அது விலுசாவுக்கு அடைமொழியா இருக்கலாம், இல்ல தனியா இன்னொரு இடமாவும் இருக்கலாம், உருபை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

பிப்ரவரி 9
மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் 1984ல ஒரு கருத்தரங்குல ஆலதியை "செங்குத்தான"ன்னு எடுத்துக்கிட்டு சொன்னது: "செங்குத்தான விலுசாவுல இருந்து வந்தப்போ". விலுசாதான் கிரேக்கக் கவி ஹோமர் பாடுற இலியோஸ், அதாவது ட்ராய்னு பலர் நினைக்கறாங்க; ஹோமர்லயும் அது செங்குத்தான ஊருதான், அதனால இது லூவியன்ல இருந்த ஒரு ட்ராய் காவியத்தோட தொடக்கமா இருக்கலாம்னாரு. படிக்கும்போது சிலிர்த்துச்சு, நிஜமா. ஆனா ஹோமரை பாத்து அர்த்தம் வச்சுட்டு, அப்புறம் அந்த அர்த்தத்தை காட்டி பாரு ஹோமர் மாதிரியே இருக்குன்னா அது சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வர்ற வாதம் இல்லையா?

பிப்ரவரி 10
இன்னொரு குடைச்சல். ஊர் பேருக்கு முன்னாடி எழுத்தருங்க வழக்கமா போடுற "ஊர்"ங்கிற குறி இந்த விலுசதிக்கு முன்னாடி இல்ல. அதனாலதான் சிலர் இது ஊரே இல்ல, புல்வெளின்னு படிக்கறாங்க. பாட்டுல குறியை விட்டிருக்கலாம்னு எனக்கு தோணுது, புல்வெளியை நான் நம்பல.

பிப்ரவரி 13
விலுசாங்கிற நாடு இருந்ததுக்கு இந்த வரி தேவையே இல்ல. ஹிட்டைட் ராஜா இரண்டாம் முவத்தல்லி கி.மு. 1280 வாக்குல விலுசா ராஜா அலக்சந்துவோட போட்ட ஒப்பந்தமே இருக்கு. ட்ராய்லயே 1995ல லூவியன் எழுத்து வெட்டின வெண்கல முத்திரை ஒண்ணு கிடைச்சுது. அதுக்காக இந்த வரி காவியம் ஆயிடாது. ஒரு வரியை வச்சு காவியமா? ரொம்ப ஜாஸ்தி. ஹோமரை மூடி வச்சுட்டு ஆலதிங்கிற இதே சொல் வர்ற மத்த லூவியன் வரிகளை பாக்கணும், அதுவரைக்கும் என் நோட்டுல "செங்குத்தான" பக்கத்துல கேள்விக்குறிதான்.