கொழும்பு சுகததாச அரங்கில் பாட்டுக் கச்சேரி: பிள்ளைகளோடு எங்கே சாப்பிடுவது?

இந்தியாவிலிருந்து பாடகர்கள் கொழும்புக்கு வருகிறார்கள் என்று முகநூலில் ஒரு விளம்பரம் வந்தால் போதும், திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டில் அதே பேச்சுத்தான். டிக்கெட் என்ன விலை, யார் வீட்டில் தங்குவது, வானுக்கு எத்தனை பேர் சேர்வார்கள் என்று எல்லாம் பேசித் தீர்ப்போம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "கொழும்பில கடைக்கா பஞ்சம்?" என்று விட்டுவிடுவார்கள்.

கடைக்குப் பஞ்சமில்லை, சரி. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். சின்னவளுக்கு உறைப்பு ஆகாது. பெரியவனுக்குக் கொத்துரொட்டி இல்லாமல் கொழும்பே இல்லை. இப்படி ஒரு குடும்பம் அவசரமில்லாமல் உட்கார்ந்து, கைகழுவி, கழிப்பறைக்கும் போய், பர்ஸ் காலியாகாமல் எழும்பி வரக்கூடிய கடை அரங்கின் வாசலில் இருக்காது. கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். திருமலையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கிப் போகிறவர்கள் கடைசியில் ஒரு பனிஸும் சோடாவுமாகக் கச்சேரி பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரம். கச்சேரி முடிந்து சாப்பிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். பெரிய நிகழ்ச்சிகள் டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குத் தொடங்குவது அபூர்வம். முடிந்து வெளியே வரும்போது சைவக்கடைகள் கதவை இழுத்துவிட்டிருக்கும், பிள்ளைகள் தோளில் தூங்கிவிட்டிருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கே ஒரு முழுச் சாப்பாடு முடித்துவிட வேண்டும். இடியப்பம், பிட்டு, தோசை எல்லாம் அடுப்பிலிருந்து இறங்குகிற நேரமும் அதுதான். கூட்டமும் இருக்காது.

சுகததாச உள்ளக அரங்கென்றால் என் முடிவு கொட்டாஞ்சேனை. அரங்கிலிருந்து ஓட்டோவில் ஏறினால் கொஞ்ச தூரம்தான். ஆமர் வீதிச் சந்தி, ஜம்பட்டா வீதிப் பக்கம் தமிழ் பேசுகிற சைவக்கடைகளும் முஸ்லிம் சாப்பாட்டுக்கடைகளும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. அம்மாவை ஒரு கடையிலும் மகனை அடுத்த கடையிலும் திருப்திப்படுத்தலாம். நேரம் மிஞ்சினால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. அம்மாவுக்குக் கச்சேரியை விட அந்தக் கருங்கல் தூண்கள்தான் பிடித்தன. பின்னேரப் பூசைக்கு மணி அடித்த பிறகு அவரை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு.

கடைக்குள் போனதும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். பழைய பாணிச் சைவக்கடைகளில் நாம் ஒன்றும் கேட்காமலே மேசையில் ஒரு தட்டு வந்து இறங்கும். உளுந்து வடை, கடலை வடை, ரோல்ஸ், சூசியம் என்று குவித்திருக்கும். அது இலவசமுமில்லை, கட்டாயமுமில்லை. தின்றதை எண்ணித்தான் கடைசியில் பில்லில் சேர்ப்பார்கள். தொடாமல் விட்டால் தட்டு அப்படியே திரும்பிப் போகும். எங்கள் சின்னவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிற வயது. ஆகவே உட்கார்ந்த கையோடு ஆளுக்கொரு வடையை எடுத்து வைத்துவிட்டு, "தம்பி, தட்டை எடுங்கோ" என்று நானே சொல்லிவிடுவேன். யாரும் முகம் சுளித்ததில்லை. சொதியும் பருப்பும் கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். உறைப்புத் தின்னாத பிள்ளைக்கு இடியப்பமும் சொதியும் போதும். கொத்து சொல்வதென்றால் ரொட்டி தகட்டில் விழுவதற்கு முன்பே உறைப்புக் குறைக்கச் சொல்ல வேண்டும். ஒரு ஃபுல் கொத்து இரண்டு பிள்ளைகளுக்குத் தாராளம்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "வெள்ளவத்தைக்கு வாங்கோ, அங்கதான் நல்ல சாப்பாடு" என்பார்கள். சாப்பாடு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளவத்தை நகரத்தின் மறு கரை. பின்னேரக் காலி வீதி நெரிசலில் அங்கே போய்ச் சாப்பிட்டுத் திரும்பிச் சுகததாசவுக்கு வருவதற்குள் முதல் நாலு பாட்டும் போய்விடும். வெள்ளவத்தையை அடுத்த நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி பண்டாரநாயக்க மண்டபத்தில் என்றால் கதை வேறு. பௌத்தாலோக மாவத்தையால் நேரே இறங்கினால் பம்பலப்பிட்டி. அங்கே காலி வீதியில் சரஸ்வதி லொட்ஜ் மாதிரிப் பெயர் பெற்ற சைவக்கடைகள் உண்டு. தாமரைத் தடாக அரங்கென்றால் கொம்பனித்தெரு, இல்லாவிட்டால் கொள்ளுப்பிட்டி. கொள்ளுப்பிட்டி பிலாவூஸ் சாப்பாட்டுக்கடையில் இரவு வெகுநேரம் கொத்துச் சத்தம் கேட்கும். மாலுக்குள் இருக்கிற உணவுக்கூடம் சுத்தமான கழிப்பறைக்காகவே கைக்குழந்தைக்காரருக்கு நல்லது. அவரவர் விருப்பத்துக்கு வாங்கி ஒரே மேசையில் சாப்பிடலாம். விலை கூடத்தான்.

விலை என்றதும் ஒன்று. குளிரூட்டிய கடைகளில் விலைப்பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம், அதோடு வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். 1,000 ரூபாய் என்று பார்த்துச் சொன்ன சாப்பாடு 1,280 ரூபாய்க்குக் குறையாமல் வந்து நிற்கும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த மேலதிகக் காசு ஓட்டோச் செலவைத் தாண்டிவிடும். தெருவோரச் சாப்பாட்டுக்கடைகளில் பெரும்பாலும் சொன்ன விலைதான் விலை. கேட்டுவிட்டு உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீர்ப் போத்தலையும் உள்ளே போவதற்கு முன் வெளியே வாங்குங்கள். 2025 ஏப்ரலில் அரை லீற்றருக்கு 70, ஒரு லீற்றருக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை வைத்தார்கள். வாசலில் போத்தலை விடுவார்களா என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடலாம்.

அப்புறம், அன்றிரவே புறக்கோட்டையில் பஸ் ஏறித் திரும்புகிறவர்களுக்கு: ஐந்து மணிச் சாப்பாடு முடியும்போதே ஒரு பார்சலும் கட்டச் சொல்லுங்கள். தேங்காய்ப்பால் விட்ட கறியும் சொதியும் வேண்டாம், கொழும்பு வெக்கையில் நடுச்சாமத்துக்குள் புளித்துவிடும். வெறும் ரொட்டி, வடை, வாழைப்பழம் போதும். பையை அரங்குக்குள் கொண்டுபோக விடாவிட்டால், வானில் வருகிறவர்கள் வானிலேயே வைக்கலாம். மற்றவர்கள் சாப்பிட்ட கடையிலேயே எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிந்திப் பூட்டுகிற கடையென்றால் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.