ஃபாக்ஸ்ப்ரோ டேபிள் திறக்க மறுத்தபோது: ஹெட்டரைக் கையால் சரிசெய்த விதம்

டேட்டாபேஸ் மென்பொருளான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9 வெளிவந்தது 2004-ல். மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அதில் எழுதிய பில்லிங், ஸ்டாக் மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் எங்களுக்கு அடிக்கடி வருவது 2091 என்ற பிழை: டேபிள் (தரவு அடுக்கி வைத்த ஃபைல்) பழுதாகிவிட்டது, சரிசெய்யாமல் திறக்க முடியாது.

காரணம் எளியது. இங்கே சர்வர் வெறும் ஃபைலை வைத்திருக்கும் இடம்தான். எழுதுவதெல்லாம் ஒவ்வொரு கிளையண்ட் கணினியும் நேரடியாக. புது ரெக்கார்டு (ஒரு வரித் தரவு) எழுதி, ஹெட்டரில் (ஃபைலின் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதி) ரெக்கார்டு எண்ணிக்கையைக் கூட்டுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் யூபிஎஸ் சர்வருக்கு மட்டும் போதாது, பில் போடும் கணினிக்கும் வேண்டும்.

பிழை வந்ததும் எல்லோரையும் வெளியேறச் சொல்லுங்கள். ஹெட்டர் குறைவாகக் காட்டும் நிலையில், ஃபாக்ஸ்ப்ரோ டேபிளைத் திறக்கும்போது செய்யும் சோதனையைத் தாண்டி யாராவது புது பில் போட்டால், கடைசியாக எழுதிய ரெக்கார்டுகளின் மேலேயே அது உட்கார்ந்துவிடும். பிறகு டிபிஎஃப் (டேபிள்), சிடிஎக்ஸ் (இண்டெக்ஸ், அதாவது தேடுவதற்கான வரிசைப் பட்டியல்), எஃப்பிடி (நீண்ட உரைகளை வைக்கும் மெமோ ஃபைல்) மூன்றையும் சேர்த்து நகலெடுங்கள். மெமோ ஃபைலை விட்டுவிட்டு டிபிஎஃப் மட்டும் எடுத்தால் பிரயோஜனமில்லை.

இனி கணக்கு. ஹெட்டரின் 8, 9-ஆம் பைட்டுகளில் ஹெட்டர் நீளமும் 10, 11-ல் ரெக்கார்டு நீளமும் இருக்கும் (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது). 10 ஃபீல்டு (பத்தி) உள்ள டேபிளுக்கு ஹெட்டர் 616 பைட். ரெக்கார்டு 128 பைட், ஃபைல் அளவு 49,26,057 என்று வைத்துக்கொள்வோம். 616-ஐயும் கடைசி முடிவுக்குறி ஒரு பைட்டையும் கழித்து 128-ஆல் வகுத்தால் 38,480. ஹெட்டர் 38,478 என்று காட்டினால் இரண்டு ரெக்கார்டு மறைந்து நிற்கிறது. ஃபைலின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் 4 முதல் 7 வரையுள்ள பைட்டுகளில், 38,480-ஐ ஹெக்ஸில் (16-அடிமான எண்) 50 96 00 00 என்று எழுதுங்கள். சிறிய பைட் முதலில் வரும். வகுக்கும்போது மீதி வந்தால் கடைசி ரெக்கார்டு பாதியில் நின்றிருக்கிறது, முழு எண்ணை மட்டும் எழுதுங்கள்.

பழைய எக்செல்லிலோ லிப்ரே ஆஃபீசிலோ திறந்து சேமிக்கும் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். பழைய டேபிள்களில் தமிழ்ப் பெயர்கள் பாமினி, டாம் போன்ற எழுத்துருக் குறியீட்டில் கிடக்கும். கோட்பேஜ் (எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை) மாறினால் அத்தனையும் சிதைந்துவிடும்.

அடுத்தது இண்டெக்ஸ். ரீஇண்டெக்ஸ் கட்டளையை நம்பாதீர்கள். பழுதான சிடிஎக்ஸில் உள்ள டேக் (ஒவ்வொரு வரிசைக்குமான இண்டெக்ஸ்) விவரத்தை வைத்தே அது மறுபடி கட்டும். டேபிளை எக்ஸ்க்ளூசிவாக (வேறு யாரும் திறக்க முடியாதபடி) திறந்து எல்லா டேக்கையும் நீக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சரி. அதற்கு ஒவ்வொரு டேக்கின் கோவையும் (எதை வைத்து வரிசைப்படுத்துவது என்ற சூத்திரம்) தெரிய வேண்டும். டேபிள் நன்றாக இருக்கும்போதே அவற்றையெல்லாம் ஒரு ப்ரோகிராம் ஃபைலில் எழுதி வைத்துவிடுங்கள். சிடிஎக்ஸ் திறக்காத நாளில் அந்தக் கோவைகளைப் பழைய சோர்ஸ் கோடிலிருந்து தோண்டியெடுப்பது பெரும்பாடு.